டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு டைப்பிங்: வகுப்பா, சாஃப்ட்வேரா, பேசினால் போதுமா?

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுப்பவள் நான். பெற்றோர்கள் முன்பெல்லாம் "டைப்பிங் கிளாஸில் சேர்க்கலாமா, ஏதாவது ஆப் போதுமா?" என்று கேட்பார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது: "பேசினாலே போன் எழுதிவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?"

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைப்பிங் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தாது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிக்கல். அதற்கு ஒலி சார்ந்த வாசிப்புப் பயிற்சி தனியாகத் தொடர வேண்டும். டைப்பிங் இறக்கிவைப்பது வேறொரு பாரத்தை. என்னிடம் வந்த ஒரு பையன் கதை சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிடம் நிறுத்த மாட்டான். எழுதச் சொன்னால் இரண்டு வரி. வாயில் 'எனார்மஸ்' என்று சொன்னவன் நோட்டில் 'பிக்' என்று எழுதியிருப்பான். ஸ்பெல்லிங் பயத்தில், எழுத வரும் சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்வான். எழுத்தின் வடிவம், ஸ்பெல்லிங், வாக்கியம் மூன்றையும் ஒரே நேரத்தில் சுமப்பதற்குள் வாக்கியம் நழுவிவிடுகிறது. விரல்கள் தாமாகவே ஓடப் பழகிவிட்டால் அந்த மூன்றில் ஒன்றாவது குறையும்.

ஆனால் கீபோர்டைப் பார்க்காமல் தட்டினால்தான் இது நடக்கும். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டும் பிள்ளையின் கண் கீ, திரை, புத்தகம் என்று தாவும். ஒவ்வொரு தாவலிலும் விட்ட இடம் தொலையும். வரியைத் தவறவிடுவதே வழக்கமாக உள்ள பிள்ளைக்கு இது இரட்டைத் தண்டனை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளைப் படுத்துகிற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகள்: பஸ்ஸில் வரும் பி, டாகில் வரும் டி, பென்னில் வரும் பி, குயீனில் வரும் க்யூ. நான்கும் ஒரே கோலும் வட்டமும்தான், திருப்பிப் போட்டால் ஒன்று இன்னொன்றாகிவிடும். கீபோர்டிலோ முதலாவதை இடது ஆட்காட்டி விரலும், இரண்டாவதை இடது நடுவிரலும், மூன்றாவதை வலது சுண்டுவிரலும், நான்காவதை இடது சுண்டுவிரலும் தட்டுகின்றன. கண்ணுக்குக் குழப்பம் வந்தாலும் விரலுக்கு அவை நான்கு தனித்தனி அசைவுகள். கீகளின் மேல் பெரிய எழுத்து, திரையில் சின்ன எழுத்து என்பதுதான் ஆரம்பத்தில் உதைக்கும். சின்ன எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் சில நாள் உதவும், பிறகு உரித்துவிட வேண்டும்.

இனி வகுப்பு. நேரில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மணிக்கட்டைத் திருத்துவார், எஃப், ஜே கீகளின் மேடுகளில் ஆட்காட்டி விரல்களை வைக்கப் பழக்குவார். எந்த மென்பொருளும் இதைச் செய்யாது. வாரத்தில் ஒரு நாள் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சில வீடுகளுக்குத் தேவைதான். ஆனால் பெரும்பாலான வகுப்புகள் வேகத்தை முன்வைத்தே நடக்கின்றன. ஒரு மாணவி சேர்ந்த வகுப்பில் ஒவ்வொரு வாரமும் வேகப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் எப்போதும் அவளுடையதுதான். இரண்டு மாதத்தில் கீபோர்டைத் தொடவே மறுத்தாள், அவளை மீட்க எனக்கு அதைவிட அதிக நாளானது. வாரம் ஒரு மணி நேரம் என்ற அமைப்பும் தோதல்ல. விரல் பழக்கத்துக்குத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் சரி.

டிஸ்லெக்சியாவை மனத்தில் வைத்து உருவான மென்பொருள்கள் வேறு வழியில் போகின்றன. சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1925-லிருந்து வாசிக்கத் திணறும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அமெரிக்கக் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாம் 1930-களில் அதைப் பாடமுறையாக்கினார். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சொல்லைத் திரையில் பார்த்து, காதில் கேட்டு, விரலால் தட்டும்போது அது தானாகவே அமைந்துவிடுகிறது. 'டச்-டைப் ரீட் அண்ட் ஸ்பெல்' என்ற மென்பொருள் ஐந்து உயிரெழுத்துகளில் தொடங்கி, ஒலிக்குடும்பம் வாரியாகச் சொற்களைக் கொடுக்கிறது. 24 நிலைகள், ஒவ்வொன்றிலும் 31 சிறு பாடங்கள். டைப்பிங்கோடு ஸ்பெல்லிங்கும் உள்ளே போகும். 'நெஸ்ஸி ஃபிங்கர்ஸ்' அகரவரிசையில் கீகளைச் சொல்லித்தருகிறது. நடுவரிசையின் அர்த்தமில்லாத எழுத்துக்கோவையில் தொடங்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால், தெரிந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போவது இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபம். குறை என்றால் சலிப்பு. முதலில் சொன்ன 'டச்-டைப்' நீளமானது, ஒரே மாதிரியானது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்காராவிட்டால் பிள்ளை பழையபடி இரண்டு விரலால் தட்டியே பாடத்தை முடித்துவிடும். நான் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவேன். சிரிப்பார்கள், ஆனால் குனிந்து பார்க்க முடியாது.

பிபிசியின் 'டான்ஸ் மேட்' போன்ற இலவச விளையாட்டுகள் (நான்கு நிலை, ஒவ்வொன்றிலும் மூன்று படி) ஆர்வமூட்ட நல்லவை. முழுப் பயிற்சிக்குப் போதாது.

வாய்ஸ் டைப்பிங்கைப் போட்டியாளராக வைப்பதே தப்பு என்பேன். கதை சொல்லும் அந்தப் பையனுக்கு முதல் வரைவு எடுக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் கருவி தவறாகக் கேட்டதைக் கண்டுபிடிக்க வாசிக்க வேண்டுமே? அவன் திணறுவதே அங்குதான். குழந்தைக் குரலை இந்தக் கருவிகள் பெரியவர்கள் குரல் அளவுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. முப்பது பேர் இருக்கும் வகுப்பறையில் யார் உரக்கப் பேசிப் பரீட்சை எழுதுவது? எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும் வசதியோடு சேர்த்து, வீட்டுப்பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றுமே அவசரமில்லை. கையால் எழுதட்டும். இன்னும் வாசிக்கத் தெரியாத சிறுவர்களை வைத்து கரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைத் தாமே வரைந்து பழகியபோதுதான் மூளையின் வாசிப்புப் பகுதிகள் தூண்டப்பட்டன. கீயைத் தட்டியபோது அப்படி நடக்கவில்லை.

எட்டு முதல் பன்னிரண்டு வயது, ஸ்பெல்லிங்கும் தகராறு என்றால் என் ஓட்டு மென்பொருளுக்கு, பக்கத்தில் ஒரு பெரியவரோடு. ஓரளவு வாசிப்பு வந்துவிட்ட பெரிய பிள்ளைக்கு, போட்டி இல்லாத சின்ன வகுப்பு விரைவாகப் பலன் தரும். எதில் சேர்த்தாலும் முதல் சில வாரங்கள் பழைய வேகமும் போய்விடும். பயந்து நிறுத்தாதீர்கள்.

டைப்பிங் வேகக் கணக்கில் ஐந்து தட்டல் ஒரு சொல், நிமிடத்துக்கு இருபது சொல் என்றால் நூறு தட்டல். பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணிக்கை நமக்கு வேண்டாம். உங்கள் பிள்ளையை ஐந்து நிமிடம் கையால் எழுதவிட்டு, சொற்களை எண்ணி ஐந்தால் வகுத்துப் பாருங்கள், டைப்பிங் தாண்ட வேண்டிய எல்லை அதுதான். அதைத் தாண்டிய பிறகே பள்ளியில் பயன்படுத்தச் சொல்லுங்கள். தேர்வில் கணினி கேட்கும் எண்ணம் இருந்தால் ஸ்பெல்செக்கை அணைத்தும் பழக்க வேண்டும். பிரிட்டன் பொதுத் தேர்வுகளில், கணினிதான் மாணவரின் வழக்கமான வேலைமுறை என்றால் அனுமதிப்பார்கள், ஆனால் பொதுவாக ஸ்பெல்செக் இல்லாமல்தான்.

பணம் கட்டுவதற்கு முன் வகுப்பிலோ மென்பொருளிலோ நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வேகத்தை அளக்கும் அந்தக் கடிகாரத்தை அணைக்க முடியுமா?