“இண்டைக்கே போடலாம்”: திருமலையில் ஒரு குதிக்கால் ஊசி

“தோல் கலத்தாலை நரம்பைத் திருத்திற ஊசி. இண்டைக்கே போட்டுக்கொண்டு போகலாம்.”

குதிக்கால் நோவோடு போன இடத்தில், திருகோணமலை நகரில் ஒரு தனியார் சனலிங் நிலையத்தில் (காசு கட்டி டொக்டரைப் பார்க்கும் இடம்) நம்பர் எழுதும் பிள்ளை சொன்ன வசனம் இது. ரயில், தங்குமிடம், மீன் சாப்பாடு எல்லாம் வழக்கம்போல. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதவேண்டிக் கிடக்கிறது.

முதலில் அந்த ‘நரம்பு’. எங்கட சனம் அப்படிச் சொல்வது பாதி வேளை தசைநாணைத்தான்: கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு. லண்டனிலிருந்து வாற எங்களுக்கு வருசம் முழுக்க அங்கே குதி உயர்ந்த சப்பாத்து. வந்து இறங்கிய மறுநாளே தட்டைச் செருப்போடு உப்புவெளி மணல், வெறுங்காலோடு கோணேசர் கோயில் ஏற்றம். கயிறு இழுபடாமல் என்ன செய்யும்? குதிக்கு மேலே இரண்டு மூன்று விரல் தள்ளித் தடிப்பு, விடிய எழும்பி வைக்கும் முதல் அடிகளில் நோ.

தோல் கலம் என்ற விசயம் பொய்யில்லை. தசைநாணுக்குள் இரத்த ஓட்டமும் குறைவு, கலங்களும் குறைவு. அதனால் கிழிசல் மெதுவாக, பலம் குறைந்த தழும்பாகத்தான் ஆறும். தோலிலுள்ள நார்க்கலங்களும் தசைநாணுக்கு வேண்டிய கொலாஜன் என்ற புரதத்தைச் செய்பவை, எடுப்பதும் இலகு. விறைப்பூசி போட்டுச் சில மில்லிமீற்றர் தோலை வெட்டி, நொதியத்தால் கலங்களைப் பிரித்து, கிருமி அண்டாத ஆய்வுகூடத்தில் 37 பாகைச் சூட்டில் வாரக்கணக்காகப் பெருக்கவேண்டும். கிருமிச் சோதனை முடிந்தபிறகு, நோயாளியின் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கலந்து, ஸ்கானில் பார்த்தபடி கிழிசலுக்குள்ளேயே விடவேண்டும். வெட்டின அன்றே போடுகிறோம் என்றால் அந்தச் சிரிஞ்சில் வளர்த்த கலம் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வுகளும் சின்னவை. 2009இல் ‘டெனிஸ் எல்போ’ (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் நோ) உள்ள 12 பேருக்குப் போட்டதில் 11 பேருக்குச் சுகம், ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2011இல் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் 46 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். நூறு என்றால் நோவில்லை என்ற புள்ளி அளவில், ஆறு மாதத்தில் கலம் போட்டவர்கள் 44இலிருந்து 75க்கு வந்தார்கள். வெறும் பிளாஸ்மா போட்டவர்களே 50இலிருந்து 70க்கு. இங்கிலாந்திலேயே இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

அப்ப அன்றைக்கே போடுவது என்ன? நல்லதென்றால் சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுத்த பிளாஸ்மா. கெட்டதென்றால் ஸ்டீரொயிட்: நோ சில கிழமைக்குக் குறையும், ஆனால் குதிக்கால் தசைநாண் அறுந்துபோகும் பயம் உண்டு. என்ன மருந்து, எத்தனை மில்லி, ஸ்கானில் பார்த்தா போடுவீர்கள் என்று எழுதித் தரக் கேட்கவேண்டும். அந்த மேசையில் கிடைத்த பதில், “அதெல்லாம் எழுதித் தாறேல்லை.”

அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோப் பகுதிதான் ஆச்சரியம். விடியவே போய் நம்பர் எடுக்கும் பழைய கூத்து மாறவில்லை, வாங்கும் பழைய வாங்குதான். ஆனால் காசில்லாமல், அரை மணித்தியாலம் நின்று காட்டித் தந்தார்கள். லண்டனில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எழும்பி, நோக்காலால் மெதுவாகக் குதியை இறக்கவேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தரம், மூன்று சுற்று. மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் பின்னேரமும், மொத்தம் நாளுக்கு 180, பன்னிரண்டு கிழமை. லேசாகிவிட்டால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி. நோக்காலாலேயே எழும்புவதும், டக்கென்று இறக்குவதும், மூன்றாம் கிழமையில் பலனில்லை என்று விடுவதும்தான் வழக்கமான பிழைகள். நோ குதி எலும்பிலேயே என்றால் படி வேண்டாம், சமதரையில் செய்யவேண்டும்.

வயிற்றோட்டத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சிப்ரோஃப்ளொக்சசின் குளிசையும் தசைநாணைப் பலவீனமாக்கும். குதிக்கால் நோவோடு அதைத் தொடாதீர்கள்.

‘டப்’ என்று சத்தம் கேட்டதென்றால் முதலில் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைக்காலை அழுத்திப் பாருங்கள். கால்விரல் நுனியில் நிற்கும்போது நீளுவதுபோலப் பாதம் அசையாவிட்டால் கயிறு அறுந்திருக்கிறது. ஊசியும் வேண்டாம், படியும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.