“பரிசோதனையில் கண்டிப்பாகத் தேறும்” என்று சொல்லி என் நான்கு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்ட பந்தயக் கார் பட்டறை: புதியவர்களுக்கு எச்சரிக்கை

அமெச்சூர் கார்ப் பந்தயத்தில் இறங்க நினைப்பவர்கள், எந்தப் பட்டறைக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நான் தயார் செய்த காரை நேற்று போட்டிக்கு முன் நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனையில் தடத்துக்குள் விடவே மறுத்துவிட்டார்கள். ஏன் மறுக்கிறார்கள் என்பதை அங்கேயே அளந்தும் காட்டினார்கள். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சாலையில் ஓடும் சாதாரணக் காரை வாங்கிக்கொண்டு, ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு), உடலை இறுக்கிப் பிடிக்கும் பக்கெட் சீட், ஹார்னெஸ் (உடலைச் சீட்டோடு கட்டும் பட்டைகள்), ஹெல்மெட் எல்லாவற்றையும் சேர்த்து ‘முழுத் தொகுப்பு’ என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் வகைப் பட்டறை அது. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பந்தயப் படங்கள், அலமாரியில் கோப்பைகள். அவை யார் வாங்கியவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம்ப வைத்த விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். “இது பரிசோதனையில் தேறுமா அண்ணா?” என்று நான் நேராகவே கேட்டேன். பட்டறை முதலாளி விதிப் புத்தகத்தை எடுத்து, உலகக் கார்ப் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் ரோல் கேஜுக்கான அட்டவணையை விரித்து, விரலை வைத்துக் காட்டினார். முதன்மை வளைவுக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் சுவர்த் தடிமன். அல்லது 50 விட்டம், 2 தடிமன். இணைப்புத் தையல் (தகட்டை வளைத்து ஒட்டிய கோடு) இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய். “இதே குழாய்தான் தம்பி உங்கள் காரில் போகிறது” என்றார். “வீட்டில் பயப்படுகிறார்களா?” என்று அவரே கேட்டார். ஆமாம் என்றதும் என் கைப்பேசியை வாங்கி என் மனைவியிடம் பேசினார். “கவலைப்படாதீர்கள் அம்மா, உங்கள் கணவர் உயிருக்கு நான் பொறுப்பு” என்றார். அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பினேன். நான்கு மாதச் சம்பளம். பணம் போனதைவிட, என் மனைவியிடம் அந்தச் சொல்லைச் சொன்னாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பரிசோதகர் வயதில் மூத்தவர், பொறுமையானவர். முதலில் ரோல் கேஜின் தடிமனை அளந்தார். 1.5 மில்லிமீட்டர். குழாயின் உள்ளே நீளவாக்கில் தையல் ஓடியது. பிறகு என் கையைப் பிடித்து, கூரைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கில் விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் வெல்டிங் இருந்தது. மேல்பக்கம் வெறுமையாக இருந்தது. குழாயைச் சுற்றி முழு வட்டமாக வெல்டிங் செய்ய வேண்டும். கூரைக்கு அருகே கை நுழையாது என்பதால், நல்ல பட்டறைகள் கேஜைக் கீழே இறக்கி மேல் மூட்டுகளை முடித்துவிட்டுப் பிறகு உயர்த்திப் பொருத்துமாம். இவர்கள் தெரிந்த பக்கத்தைப் பற்றவைத்து, மேலே பளபளப்பாக வண்ணம் பூசிவிட்டார்கள். முதன்மை வளைவின் கால்கள் தரையில் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும். என் காரில் அது இல்லை. காரின் மெல்லிய தரைத் தகட்டிலேயே போல்ட் போட்டிருந்தார்கள். கார் உருண்டால் அந்தக் கால் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும், கூரை என் தலைமேல் வரும். அவர் இதைச் சொன்னபோது என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஹார்னெஸ் அதைவிட மோசம். தோள் பட்டைகளைச் சீட்டின் பின்னால் நேராகத் தரைக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பட்டை கிடைமட்டத்துக்கு 45 பாகைக்கு மேல் சரியக் கூடாது. 10 பாகைக்குள் இருந்தால் நல்லது. செங்குத்தாகக் கீழே இழுத்தால் மோதும்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்குப் பின்னால் சாதாரண வாஷர். அங்கே இருக்க வேண்டியது 3 மில்லிமீட்டர் தடிமனில் 40 சதுர சென்டிமீட்டர் தகடு. ஹார்னெஸில் தைத்திருந்த எஃப்ஐஏ லேபிளில் ஹாலோகிராம் கிடையாது, எந்த ஆண்டுவரை செல்லும் என்பதும் இல்லை. எஃப்ஐஏவின் 8853-2016 தரத்து ஹார்னெஸ் என்றால் அந்தக் கடைசி ஆண்டு லேபிளிலேயே அச்சாகியிருக்கும். இது வேறு எதிலிருந்தோ கிழித்து எடுத்துத் தைத்தது அல்லது அச்சடித்த போலி. எதுவாக இருந்தாலும் மோசடிதான்.

ஹெல்மெட்டைக் கொடுக்கும்போது “ஸ்னெல் முத்திரை இருக்கிறது, பாருங்கள் தம்பி” என்று உள்துணியை விலக்கிக் காட்டினார்கள். இருந்தது. ஸ்னெல் என்பது ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு. ஆனால் அவர்கள் காட்டிய முத்திரை எம்2020, மோட்டார் சைக்கிளுக்கானது. ஸ்னெல் முத்திரைகளில் கார்ப் பந்தயத்துக்கு உரியது எஸ்ஏ வகை. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீக்குத் தாங்குகிறதா என்றும், ரோல் கேஜ் குழாயில் இடித்தால் தாங்குகிறதா என்றும் சோதிப்பார்கள். எம் வகைக்கு இந்த இரண்டு சோதனையும் கிடையாது. கழுத்துப் பாதுகாப்புக்கான ஹான்ஸ் கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் பெரிய பந்தயக்காரர்களுக்கு, பணத்தை மிச்சம் பிடியுங்கள்” என்று அக்கறையோடு சொன்னார்கள். உண்மைக் காரணம் நேற்றுதான் புரிந்தது. அவர்கள் விற்ற ஹெல்மெட்டில் ஹான்ஸை மாட்டுவதற்கான திருகுத் துளைகளே இல்லை. 2001இல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில் புகழ்பெற்ற வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். அதே ஆண்டு அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரும், 2003இல் ஃபார்முலா ஒன்றும் தலையைத் தாங்கிப் பிடிக்கும் கருவியைக் கட்டாயமாக்கின. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அறிந்த விஷயம் இது. பந்தயப் பட்டறை நடத்துகிறவருக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

தடத்திலிருந்தே பட்டறை முதலாளியை அழைத்தேன். முதலில், “அந்தப் பரிசோதகர் புதியவராக இருப்பார், வேறு ஆளிடம் காட்டுங்கள்” என்றார். அளவுகளைச் சொன்னதும், கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அடுத்து எடுத்த பையன், “முதலாளி வெளியூர் போயிருக்கிறார்” என்றான். பின்னணியில் முதலாளியின் குரல் கேட்டது. படங்களை அனுப்பினேன். “பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்று பதில் வந்தது. தடத்தில் ஒரு சுற்றுகூட ஓடாத காரில் என்ன பயன்படுத்தினேன்? இரவில் இன்னொரு செய்தி: காரைக் கொண்டுவந்தால் ‘சரி செய்து’ தருவார்களாம், குழாய்க்கும் கூலிக்கும் மட்டும் பணம் கொடுத்தால் போதுமாம். நான்கு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டவர்கள் மறுபடியும் பணம் கேட்கிறார்கள். எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்றேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

பில்லை எடுத்துப் பார்த்தால், பேசியது ஒன்று, அச்சாகியிருப்பது வேறு. ‘ரோல் கேஜ்’ என்ற சொல்லே அதில் இல்லை. ‘உள் அலங்காரக் குழாய் அமைப்பு’ என்றும், கீழே பொடி எழுத்தில் ‘காட்சிக்கு மட்டும்’ என்றும் இருக்கிறது. பணம் கைக்குப் போன பிறகு, காரை எடுத்துச் செல்லும் நேரத்தில் உறையில் போட்டுக் கொடுத்த பில் அது. தப்பிக்கும் வழியை முதலிலேயே போட்டு வைத்துக்கொண்டுதான் என் மனைவியிடம் உயிருக்குப் பொறுப்பு என்று பேசியிருக்கிறார்.

இழப்பு நான்கு மாதச் சம்பளத்தோடு நிற்கவில்லை. கேஜை அறுத்து எடுக்க வேண்டும், துளைத்த தரையை ஒட்ட வேண்டும். வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, புதிய கார் உடல் வாங்குவது மலிவு என்கிறார்.

புதியவர்களுக்கு முழு வழிகாட்டியாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், முடியவில்லை. அவசரமாக இவை மட்டும். பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்கள் ஓடப்போகும் போட்டியின் பரிசோதகரிடம் பேசுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் வெல்டிங்கைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். குழாயின் அளவு, லேபிள் எண், தரத்தின் பெயர் எல்லாம் பில்லில் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். எஃப்ஐஏ அங்கீகரித்த பொருள்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது, எண்ணை ஒப்பிடுங்கள். ஹெல்மெட்டில் எஸ்ஏ என்ற எழுத்து இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட ‘முழுத் தொகுப்பு’ ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே கூரை மூலையில் கையை விட்டு மூட்டின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெல்டிங் தட்டுப்படவில்லையென்றால் அந்தக் காரைத் தடத்தில் இறக்காதீர்கள். படம் எடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள். புகாரில் உங்களுடையதையும் சேர்க்கிறேன்.