பலதானியப் பை: தைத்த வாயைப் பிரித்துப் பார்த்தால்

ஏக்கருக்கு 20 கிலோ, 20 வகை விதை, வளர்ந்ததை 45 நாளில் மண்ணோடு மடக்கி உழுதால் மண் பொலபொலவென்று மாறிவிடும். இப்படிச் சொல்லித்தான் பலதானிய விதைக் கலவை இப்போது பையாகவே விற்பனைக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தின் இயற்கை வேளாண் முன்னோடி தபோல்கர் காட்டிய முறை இது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். முறையில் குறை இல்லை. குறை எல்லாம் பையில்தான்.

பை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பரவலாகப் புழங்கும் பட்டியல் ஒன்று உண்டு. தானியத்தில் சோளம் 1 கிலோ, கம்பு அரை, தினையும் சாமையும் கால் கால். பயறில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை தலா 1. எண்ணெய் வித்தில் எள் அரை, நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு தலா 2. தழையுரத்தில் தக்கைப்பூண்டு 2, சணப்பு 2, நரிப்பயறு அரை, கொள்ளு 1. வாசனைப் பொருளில் கடுகு அரை, வெந்தயமும் சீரகமும் கால் கால், மல்லி 1. கூட்டினால் சரியாக 20. இதில் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சில் பிடித்து வைக்கும் இனம், நிலக்கடலை, வெந்தயம் உட்பட, பதினொன்றே முக்கால் கிலோ. அதாவது பாதிக்கும் மேல். விலை கொடுத்து வாங்குவது இந்தப் பாதியைத்தான்.

அதனால் பையைப் பிரித்ததும் மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வண்டியில் குலுங்கி வரும்போதே எள்ளும் கடுகும் தினையும் அடியில் இறங்கிவிடும், ஆமணக்கும் கடலையும் மேலே நிற்கும். சாக்கில் மொத்தத்தையும் கொட்டிக் கிளறி, ஒரு கிலோ எடுத்துப் புடைத்துப் பிரியுங்கள். பயறு இனம், தழையுர விதை, நிலக்கடலை, வெந்தயம் எல்லாம் சேர்த்து, 580 கிராமை ஒட்டி வர வேண்டும். 300 கிராம்தான் வருகிறது, மிச்சமெல்லாம் சோளமும் கம்பும் என்றால், அது பலதானியம் இல்லை, தீவனப் பயிர்.

அடுத்தது நிறம். இளஞ்சிவப்பு, பச்சைச் சாயம் ஏறிய சூரியகாந்தியோ சோளமோ கிடந்தால் அது பெரும்பாலும் பூஞ்சாணக் கொல்லியில் புரட்டிய விதை. வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்தான் ரைசோபியம்; அந்த விதையோடு சேர்த்துக் கலந்தால் அது செத்துப்போகும். பையில் ஒட்டிய சீட்டையும் பாருங்கள். முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தது என்ற இரண்டும் இல்லாமல் "இயற்கை விதை" என்று மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தால், ஈரச் சாக்குச் சோதனையை நீங்களே செய்துவிடுவது நல்லது. வகைக்கு 50 விதை, நனைத்துப் பிழிந்த சாக்கில் சுருட்டி ஐந்து நாள். ஆமணக்கு, மல்லி, சீரகத்துக்கு மட்டும் இரண்டு வாரம் வரை கொடுங்கள்.

இந்தச் சோதனையில் முதலில் தோற்பது நிலக்கடலைப் பருப்புதான். ஓடு உடைத்த பருப்பு சீக்கிரம் முளைப்பை இழக்கும், உரசலில் தோல் கழன்றதில் கரும்பூஞ்சாணம் ஏறும். மாதக்கணக்கில் தைத்துக் கிடந்த பையில் அந்த 2 கிலோ வெறும் எடை. கலவையிலேயே கிலோ விலை அதிகமான சீரகமோ குளிர் கேட்கும் பயிர். ஆடியில் நம் சமவெளியில் அதை விதைப்பதும் ரசத்தில் போடுவதும் ஒன்றல்ல. ரசத்திலாவது பயன் உண்டு. கொண்டைக்கடலையும் பனிக்காலத்துக்குத்தான் பொருந்தும். ஆடிப் பட்டத்துக்கு இரண்டையும் விட்டுவிட்டு, அந்த எடைக்குத் தட்டைப்பயறைக் கூட்டிக்கொள்ளலாம்.

பையோடு வரும் குறிப்பில் "கலந்து தூவவும்" என்று ஒரே வரி இருக்கும். அப்படித் தூவினால் எள் ஆழத்தில் புதையும், ஆமணக்கு மண்மேல் கிடக்கும், மயில் வந்து பொறுக்கும். சல்லடை போட்டு இரண்டாகப் பிரியுங்கள். பயறுகளுக்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் 200 கிராம் பொட்டலம் இரண்டு கலந்து புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். கொண்டைக்கடலைக்கு அதற்கென்றே தனி ரைசோபியம் உண்டு, தட்டைப்பயறுக்கு விற்பது அதற்கு ஆகாது. பெரிய விதைகளை முதலில் தூவி, கொத்துக் கலப்பையால் மேலாக ஓர் ஓட்டு. பிறகு சிறு விதைகளை நான்கு பங்கு மணலில் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை வீசி, முள் படலை இழுத்துவிடுங்கள்.

மடக்குவதில் பலரும் கோட்டை விடுவது நாள் கணக்கில். சணப்பு பூ எடுக்கும் 45 முதல் 50 நாள்தான் பதம். "இன்னும் கொஞ்சம் தழைக்கட்டும்" என்று 65 நாள் விட்டால் சணப்பில் நார் முற்றி ரோட்டாவேட்டர் கத்தியில் கயிறாகச் சுற்றும். பாசிப்பயறு நெற்று வெடித்து அடுத்த வெள்ளாமையில் களையாக வரும். சோளத்தட்டை முற்றினால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களே மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்து வைத்த நாற்று மஞ்சளடித்து நிற்கும். ஈரமில்லாத மண்ணில் மடக்கினால் மட்காது, செம்மண்ணில் கறையான்தான் ஏறும். தண்ணீர் கட்டி, கால் புதையாத பதத்தில் ஓட்டி, 15 முதல் 20 நாள் ஆறப்போட வேண்டும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குப் பையில் எந்த எச்சரிக்கையும் இல்லாததுதான் பெரிய குறை. பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்து மடக்குவதற்கு முன் ஆடுகளை உள்ளே விடத் தோன்றும். பூக்காத இளஞ்சோளத்தில், அதுவும் வாடி நிற்கும்போதும் வெட்டிய தூர் துளிர்க்கும்போதும், ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு உருவாகும். மேய்ந்த சிறிது நேரத்திலேயே ஆடு மூச்சுத் திணறி விழும். ஆமணக்கும் கால்நடைக்கு நஞ்சுதான். பாதியைத் தீவனத்துக்கு அறுக்கும் எண்ணம் இருந்தால் விதைக்கும் முன்பே சோளத்தையும் ஆமணக்கையும் பொறுக்கி எடுத்துவிட்டு, கம்பையும் கொள்ளையும் கூட்டுங்கள்.

பிறகு யாருக்கு இந்தப் பை? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காய்கறி போடுபவருக்கு, கால் கிலோ சாமைக்கும் அரைக் கிலோ நரிப்பயறுக்கும் கடை கடையாக அலையும் வேலை மிச்சம். அதற்காக வாங்கலாம், சீட்டு சரியாக இருந்தால். மூன்று ஏக்கருக்கு மேல் என்றால் தனித்தனியாக வாங்கிக் கலப்பதே மேல். பயறு, மல்லி, வெந்தயமெல்லாம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். தோல் நீக்காத முழு உளுந்தாகப் பார்த்து வாங்கி, மல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள். நல்ல நிழல் விழும் தென்னந்தோப்புக்குப் பலதானியமே வேண்டாம், ஒவ்வொரு மரத்தடிப் பாத்திக்கும் 50 கிராம் சணப்பு தூவி பூக்குமுன் கொத்திவிட்டால் வேலை முடிந்தது. ஒற்றை மழையை நம்பியிருக்கும் மானாவாரிக் காட்டில் இதை விதைத்தால், அடுத்த பயிருக்கு வைத்திருந்த ஈரத்தை இதுவே குடித்துவிடும்.