பழைய காரில் மிஸ்ஃபயர் தேடிய நான்கு வருடம்: எந்தக் கருவி எனக்கு உதவியது

என்னிடம் இருப்பது 18 வருடப் பழைய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஓடோமீட்டர் 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கடந்த நான்கு வருடத்தில் மூன்று தடவை என்ஜின் மிஸ் அடித்தது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்). மூன்று தடவையும் தெரிந்தது என்ஜினின் தடுமாற்றம்தான்: ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) ஸ்டீயரிங் நடுங்கும், அல்லது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி திக்கித் திணறும், கூடவே செக் என்ஜின் விளக்கு எரியும். எப்போது வரும் என்பதும், காரணமும் ஒவ்வொரு தடவையும் வேறு. அந்த மூன்றையும் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடித்தேன், அதற்காக வாங்கிய கருவிகளில் எது உழைத்தது, எது டூல் பாக்ஸில் தூங்குகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ப்ளூடூத் ஓபிடி-2 ஸ்கேனர், காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் கருவி. கட்டைவிரல் அளவு அடாப்டர், ஃபோனில் ஒரு ஆப், அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகினால் கோடு (code, பழுதைச் சொல்லும் எண்) வந்துவிடும். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. அது ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து தள்ள வேண்டும். 750 ஆர்பிஎம் ஐடிலில் அது 40 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. ஒரு தள்ளு வராவிட்டால் அந்த அரைச் சுற்று கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதம்தான் மிஸ்ஃபயர் கோடு.

ஆக, கோடு சொல்வது "இந்த சிலிண்டர் சரியாகத் தள்ளவில்லை" என்பது மட்டும்தான். ஸ்பார்க் இல்லையா, பெட்ரோல் இல்லையா, காற்று அதிகமா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம்) போய்விட்டதா என்பது நம் வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு செட் ஸ்பார்க் ப்ளக் செலவானது.

முதல் தடவை பி0303 வந்தது. ஈரமான காலை நேரத்தில், மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது மட்டும் குதித்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மிஸ்ஃபயர் என்றால் ப்ளக்தான் என்று நான்கையும் மாற்றிவிட்டேன். வண்டி பட்டுப்போல ஓடியது. "இவ்வளவுதானா!" என்று பெருமையாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து அதே மேடு, அதே குதி, அதே கோடு.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கழற்றிய பழைய ப்ளக்கின் நுனியில் பொறி தாண்டும் இடைவெளியை ஃபீலர் கேஜில் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்தேன். 1.1 மி.மீ. இருக்க வேண்டியது தேய்ந்து 1.4 மி.மீ. ஆகியிருந்தது. இடைவெளி கூடினால் அதைத் தாண்டி ஸ்பார்க் குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் இன்னும் அதிகம் வேண்டும். மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத்தானே தேடும்? ப்ளக் வழியாகப் போவது கஷ்டமானால், ப்ளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலின் ரப்பர் பூட்டில் (boot, ப்ளக்கை மூடும் உறை) ஒரு வெடிப்பு இருந்தால், அது வழியாக என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போய்விடும். புது ப்ளக்கில் இடைவெளி குறைவு என்பதால் பலவீனமான காயில் பத்து நாள் சமாளித்தது. நோய் அப்படியே இருந்தது, காய்ச்சல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்தத் தடவை எதையும் வாங்காமல் காயிலை மாற்றிப் பார்த்தேன். என் காரில் ஒவ்வொரு ப்ளக் மேலும் ஒரு காயில் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் காயிலை ஒன்றாவதுக்கும், ஒன்றாவதை மூன்றாவதுக்கும் போட்டேன். கோடை அழித்துவிட்டு அதே மேட்டில் ஏறினேன். பி0301 வந்தது. காயிலோடு சேர்ந்து கோடும் இடம் மாறிவிட்டது. காயிலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பூட்டின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கருப்புத் தடம். புது ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. அந்த ஒரு ப்ளக்கையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. தடம் விழுந்த ப்ளக்கோடு புது பூட்டைப் போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

மாற்றிப் பார்க்கும் இந்த வழிக்கு ஸ்பானரும் பத்து நிமிடமும் போதும். நான்கு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியதும் இதுதான். தனித்தனி காயில் இல்லாமல், காயில் பேக்கும் ப்ளக் ஒயர்களும் உள்ள இன்னும் பழைய வண்டிகளில் ஒயரை மாற்றிப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் 1-4, 2-3 என்று ஜோடியாக ஸ்பார்க் போகும் என்பதால், ஜோடியான இரண்டு சிலிண்டரும் சேர்ந்து மிஸ் அடித்தால் காயில் பேக் மேல் சந்தேகம் வரலாம். அப்புறம், இரவில் பானெட்டைத் திறந்துவைத்து, என்ஜின் ஓடும்போது காயில்கள் பக்கம் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடுவது பல்லாயிரம் வோல்ட். ஓடும் என்ஜினில் ப்ளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்க, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றினால் போதும். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் ஆள். பெட்ரோலும் நின்றுவிடுவதால், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கும் பாதகமில்லை.

கன்வெர்ட்டர் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை மெதுவாக வரலாம். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். அதை மாற்றும் செலவில் பல செட் காயில் வாங்கலாம்.

இரண்டாவது தடவை சுமார் ஒன்றரை வருடம் கழித்து. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தள்ளாடும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பி0300, கூடவே கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171. ஸ்கேனரில் நான் ஒன்றரை வருடம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த ஒரு பகுதி அப்போதுதான் கை கொடுத்தது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும். கோடு விழுந்த கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். முதல் தடவை நான் அவசரப்பட்டு அழித்தது இதைத்தான். இப்போதெல்லாம் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகுதான் மற்றது.

அடுத்து ஃப்யூவல் ட்ரிம். கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் கூட்டல் 18 காட்டியது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் கூட்டல் 4-க்கு இறங்கியது. கணக்கில் வராத காற்று எங்கேயோ உள்ளே போகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஓட்டை அதேதான். ஆனால் ஐடிலில் என்ஜின் குடிப்பதே கொஞ்சம் காற்று, அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. இதற்கு நேர்மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்று அளக்கும் சென்சார் பக்கம் தேட வேண்டும்.

இப்படிக் காற்று நுழையும் ஓட்டையை, அதாவது வேக்குவம் லீக்கை, தேட கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் நிறையப் பேர். சூடான என்ஜின் மேல் தீப்பிடிக்கும் திரவத்தைத் தெளிக்க எனக்குத் துணிவில்லை. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலையே எடுத்துக்கொண்டேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கையே நுழையாத ஒரு வளைவில் தெளித்ததும் என்ஜின் சத்தம் ஒரு நொடி மாறியது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் முழங்கை வளைவு. மேலே பார்த்தால் நன்றாக இருந்தது, அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு வாய் திறக்கும், சூடானால் மூடிக்கொள்ளும். காலையில் மட்டும் வந்த தள்ளாட்டத்துக்கு அதுதான் காரணம்.

மூன்றாவதுதான் என்னை வேலை வாங்கியது. பி0304. இந்தத் தடவை நேர்மாறாக, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் மட்டும். வேகமெடுத்தால் ஒன்றுமே இல்லை. காயிலை மாற்றிப் பார்த்தேன், கோடு நான்கிலேயே நின்றது. ப்ளக்கை மாற்றினேன், நான்குதான். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நான்கும் ஒரே மாதிரி டிக் டிக். மல்டிமீட்டரில் நான்கும் 12, 13 ஓம் காட்டின. இன்ஜெக்டரைக் கழற்றி இடம் மாற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்துவிடலாம் என்று கேஜ் வாங்கினேன். ப்ளக் துளையில் அழுத்திப் பிடிக்கும் ரகம் வேண்டாம், மரையில் திருகும் ரகத்தையே வாங்குங்கள். நாம் அழுத்துவதைப் பொறுத்து ரீடிங் மாறினால் அந்தக் கேஜால் என்ன பயன்?

காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களையெல்லாம் கழற்றி, நான்கு ப்ளக்கையும் எடுத்துவிட்டு, தம்பியை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். நான்கிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. என்ஜினே போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். "அண்ணா, ஆக்ஸிலேட்டரை மிதிக்கணுமா?" என்று அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது. த்ராட்டில் (காற்று வரும் வழியில் உள்ள கதவு) மூடியிருந்தால் உள்ளே காற்று எப்படிப் போகும்? முழுசாக மிதிக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். 12.5, 12.2, 12.4. நான்காவது 8.1 பார்.

ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை அந்தத் துளையில் விட்டு மறுபடி பார்த்தேன். 8.3. ஆயில் விட்டதும் அழுத்தம் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாததால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கியிருந்தால் கேஸ்கெட் மேல் சந்தேகம் வந்திருக்கும். இங்கே ஒன்றுதான். என்ஜினை ஆறவிட்டு, வால்வுகளுக்கு மேலே இருக்கும் டப்பெட் கவரைத் திறந்தேன். நான்காவதின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் (எரிந்த புகையை வெளியேவிடும் வால்வு) அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே 0.25 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளியில் 0.10 தகடுகூட நுழையவில்லை.

வருடக்கணக்கில் வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து, வால்வு மேலேறி, இடைவெளியைத் தின்றுவிட்டிருக்கிறது. சூட்டில் வால்வு நீளும்போது முழுசாக மூடவில்லை, அழுத்தம் கசிந்தது. வேகமாகச் சுற்றும்போது கசியவே நேரம் கிடைக்காததால் மிஸ் தெரியவில்லை. இதை விட்டிருந்தால் வால்வு எரிந்திருக்கும். வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் உட்காரும்போதுதான் இறக்கிவைக்கிறது, அந்த வாய்ப்பே அதற்குக் கிடைக்காமல் போயிருக்கும். நல்லவேளையாக இந்த என்ஜினில் அந்த இடைவெளியைச் சரிசெய்ய ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். எட்டு வால்வையும் சரிசெய்து பார்த்தபோது நான்காவது 11.6-க்கு வந்துவிட்டது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்கேனர் வாங்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஆனால் சொருகியே விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் நிறுத்தியிருந்த வண்டியில் அது என் பேட்டரியைக் காலி செய்தது. ப்ளக் மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) தேவை. அலுமினிய ஹெட்டில் மரை போனால் மிஸ்ஃபயரே தேவலை என்று ஆகிவிடும். ப்ளக்கை ஒரு துண்டு ரப்பர் டியூபில் சொருகி முதல் சில சுற்றுகளைத் திருகினால் குறுக்கு மரை விழாது. கம்ப்ரஷன் கேஜ் வருடத்தில் ஒரு நாள்தான் வெளியே வருகிறது, ஆனால் அந்த ஒரு நாளுக்காகவே வைத்திருப்பேன். ஸ்பார்க் டெஸ்டர்தான் ஏமாற்றம். என்னுடையது இடைவெளியை மாற்ற முடியாத சின்ன விளக்கு ரகம். கெட்டுப்போன மூன்றாவது காயிலிலும் அது அழகாக மின்னியது. அழுத்தம் இல்லாத இடத்தில் எந்த ஸ்பார்க்கும் நல்ல ஸ்பார்க்தான்.

வால்வு சரிசெய்து ஏழு மாதம் ஆகிறது. ஐடில் ட்ரிம் கூட்டல் 2, மிஸ்ஃபயர் கோடு எதுவும் இல்லை. ஆனால் டப்பெட் கவரை மூடும்போது பழைய கேஸ்கெட்டையே மறுபடி போட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது என்று. போன வாரம் இரண்டாவது காயிலை உருவினால் நுனியில் எண்ணெய். ப்ளக் குழியில் ஆயில் தேங்கத் தொடங்கிவிட்டது. அதில் ஊறினால் ரப்பர் பூட் உப்பி வெடிக்கும், மறுபடி முதல் கதைதான். புது கேஸ்கெட்டும் நான்கு ப்ளக் குழி சீலும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வர வேண்டும்.