கூச்ச சுபாவம் உள்ளவர்க்கு எது தோது: பழைய கவரா, பறவையா, கொட்டானா?

செட்டிநாட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைகிற கூச்சக்காரருக்கு முகப்பிலேயே சோதனை தொடங்கிவிடுகிறது. எந்த ஊர், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஆளுக்கு ஆள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் முதல் பந்தி எழுந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு தனியாக மகிழ ஒரு பொழுதுபோக்கைத் தேடுபவர், செலவையும் நேரத்தையும் கணக்கிடுவதற்கு முன்னால், அதைத் தொடர்ந்து செய்ய எத்தனை பேரிடம் வாய் திறக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாசிப்பும் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நான் யோசித்தவை மூன்று: கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடைவது, பறவை பார்ப்பது, பழைய தபால் கவர்களையும் ஸ்டாம்புகளையும் சேர்ப்பது. மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டேன் என்பதால், என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கொட்டான் பற்றி எனக்கு ஆழமான அனுபவம் இல்லை. அடுத்த வீட்டு ஆச்சியிடம் அடிமுடைச்சல் மட்டும் கற்றுக்கொண்டேன். புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. கைக்கும் கண்ணுக்கும் ஒருசேர வேலை கொடுப்பதால் மனம் வேறெங்கும் ஓடாது. ஆனால் குருத்தோலைக்கு ஒவ்வொரு முறையும் பனையேறுபவரைத் தேடிப்போய்ச் சொல்லிவைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், முடைந்து முடித்த பிறகுதான் வருகிறது. ஒரு கொட்டான் திண்ணையில் தென்பட்டால் போதும், "நம்ம வீட்டுச் சீருக்கும் நாலு முடைஞ்சு குடு தம்பி" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. மறுக்கத் தெரியாதவர்களுக்கு இது மெல்ல மெல்லக் கடமையாகிவிடும்.

பறவை பார்ப்பது கேட்பதற்கு மிகவும் அமைதியான காரியம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகில் 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் ஊர் அது. மழைக்குப் பின் கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கரண்டிவாயனும் அங்கே வந்து சேரும். பறவை பார்க்க வருபவர்களைக் கண்டு பழகிய ஊர் என்பதால் அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கண்மாய் வற்றினால் பறவைகளும் போய்விடும். மற்ற மாதங்களில் நம் ஊரிலேயேதான் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் நீர்ப்பறவை வரும் இடம் ஊருணி. பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் இடமும் அதுதான். அந்தக் கரையில் பைனாகுலரும் கையுமாக நிற்பவர் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கவர் சேகரிப்புக்கு இந்த வட்டாரத்தில் உள்ள வசதி வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காது. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் பர்மாவின் ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எழுதிய கடிதங்கள், பல வீடுகளில் இரண்டாம் கட்டு அறைகளில் தகரப் பெட்டிக்குள் கட்டுக்கட்டாக இன்னும் கிடக்கின்றன. எங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான் கிடைத்தன. தேதி வாரியாக அடுக்கத் தொடங்கியபோதுதான் அதன் சுவை புரிந்தது. 1937 மார்ச் வரை ரங்கூன் முத்திரைக்கு அடியில் இருப்பது இந்திய ஸ்டாம்பு. அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா தனியாகப் பிரிந்ததும், அதே இந்திய ஸ்டாம்பின் மேல் 'பர்மா' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பர்மாவுக்கென்றே தனி ஸ்டாம்பு வந்துவிட்டது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த தபால் நின்றுபோனது; கடிதக் கட்டிலும் அந்த இடத்தில் இடைவெளி விழுகிறது. முத்திரையின் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதும், மேலே எழுதிய விலாசத்தை வைத்து எந்த வீட்டுக் கடிதம் என்று பிரிப்பதும், ஒரு மழைக்காலம் முழுவதற்கும் போதுமான வேலை. ஸ்டாம்பை மட்டும் பிய்த்து எடுத்துவிடக் கூடாது. முத்திரையோடும் முகவரியோடும் கூடிய முழுக் கவருக்குத்தான் மதிப்பு.

இனி, வாய் திறக்கும் கணக்கு. வீட்டுப் பெட்டியைத் திறக்க அப்பத்தாவின் அனுமதி ஒன்று போதும். புது ஸ்டாம்பு வேண்டுமென்றால் தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டிச் சேகரிப்போர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடலாம். அதன்பிறகு கணக்கில் பணம் இருக்கும்வரை வெளியாகும் ஸ்டாம்புகள் தபாலிலேயே வீடு தேடி வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால்தான் பேரம் பேச வேண்டிவரும். போகாமலே காலம் தள்ளலாம். சேர்த்ததை யாரும் இரவல் கேட்பதில்லை, செய்து தரச் சொல்வதில்லை. பார்க்க விரும்பும் ஓரிருவருக்கும் ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

பராமரிப்பில் பறவைக்கே வெற்றி. அதற்கு ஒன்றுமே தேவையில்லை. கவருக்கு ஐப்பசி, கார்த்திகை ஈரமும் ராமபாணப் பூச்சியும் பகை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, ஆல்பங்களை நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் பாரம் அழுந்தி, பின்பக்கப் பசை ஈரத்தில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பசை கழுவப்பட்ட பழைய ஸ்டாம்புக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால், நம் தட்பவெப்பத்துக்கு அதுவே நல்லது. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் சாயத்தைக் கெடுக்கும். நான் வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கிறேன். பயன் அதனாலா, அடிக்கடி திறந்து பார்ப்பதனாலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் எதையும் விற்றதில்லை. பர்மாவில் 1942-இல் மயில் உருவம் மேலச்சிட்ட ஸ்டாம்புகளில் போலிகள் மிகுதி என்பதால், அவற்றை விலை கொடுத்து வாங்குவதை மட்டும் தவிர்ப்பது நல்லது. வீட்டில் பழைய பெட்டியே இல்லாதவர்களுக்கும், ஓர் இடத்தில் உட்கார முடியாதவர்களுக்கும் பறவையையே சொல்வேன். ஆனால் ஊருணிக்குப் போகாமல், விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று பார்க்கட்டும்: பனை உழவாரனும் தேன்சிட்டும் அங்கேயே வரும், பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் கூகை குடியிருந்தாலும் இருக்கும். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் அங்கிருந்தே 15 நிமிடம் எண்ணிப் பதிவேற்றிவிடலாம்.