டேப்லெட்டுக்குச் சார்ஜர் வாங்குதல்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 பெட்டிக்குள் கேபிள் இருக்கிறது, சார்ஜர் இல்லை. 2023-இல் வெளியான இந்த டேப்லெட்டை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டிலிருந்த கைபேசி சார்ஜர்கள், மடிக்கணினியின் சார்ஜர், பின்னர் இதற்கென்றே வாங்கியது எனப் பலவற்றிலும் இதை இணைத்துப் பார்த்திருக்கிறேன். சார்ஜர் வாங்கும் பலர் வாட் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு சார்ஜர் நம் டேப்லெட்டுக்குப் பொருந்துமா என்றும் முடிவு செய்ய முடியாது, அது பாதுகாப்பானதா என்றும் முடிவு செய்ய முடியாது.

முதலில் ஒரு வீண் அச்சத்தை விலக்கிவிடலாம். 65 வாட் மடிக்கணினி சார்ஜரில் போட்டால் டேப்லெட் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். யூஎஸ்பி பவர் டெலிவரி முறையில் இயங்கும் தரமான சார்ஜர் தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டுமே தரும். பிறகு தன்னால் தரக்கூடிய அளவுகளை அறிவிக்கும். அவற்றில் தனக்கு வேண்டியதை டேப்லெட்தான் கேட்டுப் பெறும். கேட்காத மின்சாரம் உள்ளே திணிக்கப்படுவதில்லை.

பொருத்தம் என்ற கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இந்த டேப்லெட் 45 வாட் வரை ஏற்கும் என்றாலும், அந்த வேகம் கிடைக்க, மின்னழுத்தத்தைச் சிறு சிறு அளவுகளில் மாற்றித் தரும் பிபிஎஸ் என்ற வசதி சார்ஜரில் இருக்க வேண்டும். அது இல்லாத 65 வாட் சார்ஜரைவிட, அது இருக்கிற 25 வாட் சார்ஜரே என்னிடம் வேகமாக வேலை செய்தது. கேபிளும் இதில் பங்காளிதான்: சாதாரண டைப்-சி கேபிள்கள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், 45 வாட் வேகத்துக்கு, உள்ளே அடையாளச் சில்லு பொருத்திய 5 ஆம்பியர் கேபிள் தேவை. சரியான இணை அமைந்தால் திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் 2.0’ என்று தெரியும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு 25 வாட்டே தாராளம் என்பது என் கருத்து. 8400 எம்ஏஎச் பேட்டரி நிறையும் தறுவாயில் எந்தச் சார்ஜரிலும் வேகம் குறைந்துவிடுகிறது.

பாதுகாப்புதான் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். சுவரில் 230 வோல்ட். நம் கையில் அலுமினிய உடல் கொண்ட ஒரு கருவி. இரண்டுக்கும் இடையே நிற்பது சார்ஜருக்குள் இருக்கும் சிறிய மின்மாற்றியும், உயரழுத்தப் பகுதியையும் தாழ்வழுத்தப் பகுதியையும் பிரிக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். மலிவான போலிகள் இந்த இடைவெளியிலும் மின்காப்பிலும்தான் மிச்சம் பிடிக்கின்றன. 2016-இல் யூஎல் என்ற சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை ஆராய்ந்தபோது, 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தேறவில்லை. அவற்றுள் சில, உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு மோசமாக இருந்தன. வெளித்தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அளவும் எடையும்கூட உதவாது, ஏனெனில் இப்போது வரும், காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியைப் பயன்படுத்தும் தரமான சார்ஜர்களே மிகச் சிறியவை.

ஆகவே, இந்தியாவில் வாங்குபவர்கள் சார்ஜரின் மேல் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையையும், ‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பின் வரும் எட்டு இலக்கப் பதிவெண்ணையும் தேட வேண்டும். முத்திரையை எவரும் அச்சடித்துவிடலாம் என்பதால் அதோடு நின்றுவிடாமல், அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, அங்கே வரும் நிறுவனமும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். கடையில் நின்றபடியே செய்யலாம்.

சார்ஜ் ஏறும்போது டேப்லெட்டின் பின்புறத்தைத் தடவினால் லேசாகக் குறுகுறுப்பது பலரைப் பயமுறுத்துகிறது. இரண்டு முனை சார்ஜர்களில் மின்னிரைச்சலைக் குறைக்க வைக்கப்படும் ஒரு மின்தேக்கி வழியே கசியும் மிக நுண்ணிய மின்னோட்டமே பெரும்பாலும் இதற்குக் காரணம். தரமான சார்ஜரில் அதனால் ஆபத்தில்லை. சுள்ளென்று அடித்தால் கதை வேறு. அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். பெயர் தெரியாத ஒரு சார்ஜரில் போட்டபோது, விரல் படாமலேயே திரை தானாக நகர்ந்ததையும் கண்டேன். இரைச்சல் சரியாக வடிகட்டப்படாத மின்சாரம் தொடுதிரையைக் குழப்புவதால் நேர்வது அது. வேறு சார்ஜருக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. அந்தப் பெயர் தெரியாத சார்ஜரை மறுபடி எடுக்கவில்லை.

பல துளைகள் கொண்ட சார்ஜர் வாங்குவதாக இருந்தால், மேலே அச்சிட்டிருப்பது மொத்த வாட் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது கருவியைச் செருகியதும் பங்கீடு மாறுகிறது. பல சார்ஜர்களில் ஒரு கணம் மின்சாரம் நின்று மீண்டும் வருகிறது. பழுதில்லை.

சுவரிலுள்ள பிளக் பாயிண்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டு முனையும் தளர்வாக உட்கார்ந்தால் அங்கே பொறி பறக்கும், முனைகள் சூடேறும், பிளாஸ்டிக் மெல்லப் பழுப்பேறும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தச் சார்ஜரைப் போட்டாலும் சூடு குறையாது. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும்.