கோஸ்ட் ரோடா, ஹீஃபியா, பாபரோவாவா: கிலோமீட்டரை நம்பித் தேர்வு செய்யாதீர்கள்

நியூசிலாந்தின் தென் தீவு, வடமேற்கு மூலை. மவுண்டன் பைக்கில் நாள்கணக்கில் போகக்கூடிய மூன்று காட்டுப் பாதைகள் அங்கே இருக்கின்றன. ஓல்ட் கோஸ்ட் ரோடு (Old Ghost Road, 'பழைய பேய்ச் சாலை') 85 கி.மீ., ஹீஃபி 78 கி.மீ., பாபரோவா 55 கி.மீ. மூன்றிலும் வழியில் தங்குவதற்குக் குடில்கள் உண்டு. கடை கிடையாது, பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் கிடையாது. ஒரு பாதைக்குத்தான் லீவு போதும் என்றால் எதை எடுப்பது?

தூரத்தைப் பார்த்ததும் பலர் "பாபரோவாவில் ஆரம்பிக்கலாம், சின்னதுதானே" என்கிறார்கள். மூன்றிலும் உடம்பை அதிகம் படுத்துவது அந்தச் சின்னதுதான்.

பாபரோவா பிளாக்பால் ஊருக்கு மேலே ஸ்மோக்-ஹோ என்ற இடத்தில் தொடங்குகிறது. முதல் 10 கி.மீ. தங்கச் சுரங்கக் காலத்துக் குரோசஸ் பாதை: உருளைக் கல், ஈர வேர், குறுக்கே ஓடைகள், எல்லாம் ஏற்றத்தில். மிதிக்க நினைத்தால் பின்சக்கரம் வழுக்கும், இறங்கித் தள்ளினால் நேரம் போகும். செஸ் கிளார்க் குடிலில் மரங்கள் முடிந்துவிடும். அடுத்த 9.7 கி.மீ., மூன்லைட் டாப்ஸ் குடில் வரை, மொட்டை மலை முகடு. மேற்கே டாஸ்மன் கடலிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே எந்தத் தடுப்பும் இல்லை. மழையும் சேர்ந்தால் கோடையிலும் உடல் சூடு வேகமாக இறங்கும். பலமான காற்று எச்சரிக்கை இருந்தால் செஸ் கிளார்க்கிலிருந்து வந்த வழியே திரும்புவதுதான் சரி. ஏறியாயிற்றே என்று முன்னே போவதில்தான் ஆபத்து.

மூன்லைட் டாப்ஸிலிருந்து பொரொராரி குடிலுக்கு 19 கி.மீ. செங்குத்துப் பாறை விளிம்பை ஒட்டிப் போகும் புதுப் பாதை இது. மூன்று பாதைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் சைக்கிள் ஓட்ட இவ்வளவு சுவையான துண்டு குறைவு. கடைசி நாளில் பொரொராரி ஆற்றை ஒட்டிய நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இன்லண்ட் பேக் டிராக் வழியாகத் திரும்பி வைகோரி சாலையில் இறங்க வேண்டும். சந்திப்பைத் தவறவிட்டுப் போய்த் திரும்புவது வழக்கமான கதை. 2010 நவம்பர் 19 அன்று தொடங்கிய பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்க விபத்தில் மாண்ட 29 பேரின் நினைவாக உருவான பாதை இது; 2020-இல் திறந்தார்கள்.

ஓல்ட் கோஸ்ட் ரோடு பெயரில்தான் பயமுறுத்துகிறது. லைல் பக்கத்திலிருந்து முதல் 18 கி.மீ. முழுக்க ஏற்றம்தான், ஆனால் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் போட்ட வண்டிப்பாதையின் சீரான சரிவு. சிறிய கியரில் பேசிக்கொண்டே மிதிக்கலாம். லைல் சேடில் குடிலைத் தாண்டி கோஸ்ட் லேக் குடில் வரை இன்னும் 12 கி.மீ.; காடு முடிந்து, 1,300 மீட்டருக்கு மேல் போய், ஒரு பக்கம் வெறும் பள்ளமாக இருக்கும் குறுகல் பாதை. "இறங்கி நடக்கவும்" என்று பலகை இருந்தால் இறங்கிவிடுங்கள். அந்தப் பலகைகளை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

இதை லைலிலிருந்து மறுமுனையான செடன்வில் நோக்கி ஓட்டுவதே நல்லது. கோஸ்ட் லேக்குக்கு அப்புறம் ஸ்கைலைன் முகட்டில் 300-க்கும் மேற்பட்ட மரப்படிகள் வருகின்றன. இந்தத் திசையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். எதிர்த்திசையில் மூட்டையோடு தோளில் தூக்கி ஏற வேண்டும்.

இரண்டு இரவு என்றால் முதல் நாள் கோஸ்ட் லேக் (30 கி.மீ.), இரண்டாம் நாள் ஸ்பெசிமன் பாயின்ட் (சுமார் 68-ஆவது கி.மீ.), மூன்றாம் நாள் மொகிஹினுயி பள்ளத்தாக்கில் மிச்சம் 17. இரண்டாம் நாளைக் குறைத்து எடைபோட வேண்டாம். காலையில் சுகமான இறக்கம், ஸ்டெர்ன் பள்ளத்தாக்குக்குப் பிறகு போன்யார்ட் என்ற பாறைக் குவியல் வழியே மறுபடியும் ஏற்றம். மத்தியானம் காலில் பலம் மிச்சமில்லாதவர்கள் இங்கேதான் தள்ளுகிறார்கள்.

ஹீஃபி வேறு ரகம். சைக்கிளுக்கு மே 1 முதல் நவம்பர் 30 வரைதான் அனுமதி. அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம்; பகல் வெளிச்சம் ஒன்பது மணி நேரம்தான். இரவில் ஓட்டவும் தடை. பவெலிஃபாண்டா என்ற பெரிய நத்தைகள் இருட்டிய பின்தான் வெளியே வரும். எனவே "ராத்திரி எட்டு மணிக்குள் போய்விடலாம்" கணக்கு இங்கே செல்லாது. மற்ற இரண்டின் உச்சியிலும் பனி விழக்கூடிய மாதங்களில் ஓட்ட இது கிடைப்பதுதான் இதன் பெரிய பலம். உச்சி 915 மீட்டர்தான். கிழக்கே பிரவுன் குடிலிலிருந்து பெரி சேடிலுக்கு 17.5 கி.மீ. நிதானமான ஏற்றம், பிறகு கூலண்ட் டவுன்ஸ் புல்வெளி, மழைக்காடு, கடைசி 16 கி.மீ. நிக்காவ் பனைகளுக்கு நடுவே கடலோரம். சவால் தேடுபவருக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். முதல்முறை பல நாள் பயணம் போகிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

இதன் பலவீனம் திரும்பி வருவது. இரு முனைகளுக்கும் இடையே சாலை வழி 450 கி.மீ.க்கு மேல். காரை மறுமுனைக்கு ஓட்டிக் கொண்டுபோய்த் தரும் ஆள் வேண்டும், அல்லது சைக்கிளையும் ஏற்றும் சிறு விமானம். வானிலை கெட்டால் விமானம் பறக்காது, ஒரு நாள் கூடுதலாகக் கையில் வையுங்கள். கோஸ்ட் ரோடு முனைகளுக்கு இடையே வெஸ்ட்போர்ட் வழியாக நூற்றுச் சொச்சம் கி.மீ., பாபரோவாவுக்குக் காரில் ஒரு மணி நேரம். இதில் மட்டும் பாபரோவா சுலபமாக ஜெயிக்கிறது. வெள்ளத்தையும் மறக்க வேண்டாம்: 2022 பிப்ரவரி மழையில் ஹீஃபி ஆற்றுப் பாலமே போய், பாதை முழுசாகத் திறக்க அடுத்த ஆண்டாயிற்று. கிளம்பும் முன் நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் (DOC) அறிவிப்பைப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல.

சைக்கிள் விஷயத்தில் ஹீஃபிக்கு ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்) தாராளமாகப் போதும். பாபரோவாவுக்கு முன்னும் பின்னும் 130 மி.மீ. சஸ்பென்ஷன் இருந்தால் இறக்கத்தில் கையும் இடுப்பும் தப்பிக்கும். கோஸ்ட் ரோட்டில் இரண்டில் எதுவும் ஓடும். டயர் 2.3 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப்லெஸ். சக்கரத்துக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), பிளக், ஒரு ஸ்பேர் டியூப். பிரேக் பேட் ரெசின் வகையாக இருந்தால் ஈர மணலில் ஒரே நீண்ட இறக்கத்தில் உலோகம் வரை தேயலாம். மெட்டல் பேட் போட்டு, இன்னொரு ஜோடியைப் பையில் வையுங்கள். உங்கள் ஃபிரேமுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமில் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று கூடுதலாகக் கட்டாயம். கல்லில் தட்டி அது உடைந்து, மாற்றக் கையில் இன்னொன்று இல்லையென்றால், செயினைச் சுருக்கி ஒற்றை கியரில் ஓட்டுவது தவிர வழியில்லை. அதற்கும் செயின் கட்டரும் இரண்டு குயிக் லிங்க்கும் வேண்டும்.

குடிலில் மெத்தை உண்டு, எனவே கூடாரம் வேண்டாம். தூங்கும் பை போதும். கோஸ்ட் ரோட்டின் பெரிய குடில்களில் கேஸ் அடுப்போடு பாத்திரமும் இருக்கிறது. பாபரோவாவில் அடுப்பு மட்டும், பாத்திரம் நம்முடையது. ஹீஃபியில் பிரவுன், கூலண்ட் டவுன்ஸ் இரண்டிலும் அடுப்பே கிடையாது. பெரிய சீட் பேக் மாட்டினால், பின் சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது டயரில் உரசுகிறதா என்று சஸ்பென்ஷனின் காற்றை இறக்கி வீட்டிலேயே பாருங்கள்; பை கிழிவது இப்படித்தான். ஹேண்டில்பாரின் அகலத்துக்கு மூட்டை கட்டாதீர்கள். குறுகிய தொங்குபாலங்களில் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தித் தள்ள வேண்டியிருக்கும்.

மூன்றுக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி) அவசியம், வாடகைக்குக் கிடைக்கும். படுக்கையும் மூன்றிலும் முன்பதிவுதான், கோஸ்ட் ரோட்டுக்கு அதைக் கட்டிய அறக்கட்டளையிடம், மற்றவற்றுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம். பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர் கோஸ்ட் லேக்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் லைல் சேடில், ஸ்டெர்ன் வேலி என்று மாற்றிப் போடுங்கள்: 18, 25, 42 கி.மீ. என்று பிரியும், கடைசி நாள் நீளம்தான் என்றாலும் பாதி தூரம் ஆற்றோர இறக்கம்.